பூஞ்சிட்டும் பதினேழரைச் சுற்றும்

கையகல மோட்டாருக்கும் பந்தயத்தில் பிரிவு உண்டு

அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் வட்டாரங்களில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அங்கே எல்லா மாடுகளையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பந்தயம் விடுவதில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாகத்தான் விடுவார்கள். ஓடும் தூரமும் பிரிவுக்குத் தக்கபடி மாறும். பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல் என்றால், சிறிய மாட்டுக்கு ஆறு மைல், ஐந்து மைல் என்று குறையும். மாட்டின் பருவத்தையும் உருவத்தையும் பார்த்து, இது இந்தப் பிரிவுக்கு உரியது என்று தீர்மானித்த பிறகே வண்டியில் பூட்ட விடுவார்கள்.

இப்படி ஏன் பிரிக்க வேண்டும்? காரணம் எளியது. வளர்ந்த காங்கேயம் காளை ஜோடியோடு சின்னஞ்சிறு பூஞ்சிட்டு ஜோடியை ஓட விட்டால் அது பந்தயம் அல்ல. யார் ஜெயிப்பார் என்பது கொடி அசைவதற்கு முன்பே தெரிந்துவிடும். முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்க்க யார் வெயிலில் வந்து நிற்பார்கள்?

இந்தச் சாதாரண நியாயம், ரேடியோ மூலம் இயங்கும் மின்சாரச் சிறு கார்களின் பந்தயத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதைச் சென்ற கோடையில்தான் நேரில் கண்டேன்.

கருகல் வாசனை

அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஒரு காலத்தில் பெரிய மாட்டு வண்டிக்குச் சாரதியாக இருந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேரன், பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன், வாசலில் ஒன்றரை அடி நீளமுள்ள கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். கையில் ஒரு சிறு கருவி. அதன் விசையை இழுத்தால் கார் பாய்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்புகிறது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். கார் திடீரென்று நின்றது. அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

"என்னப்பா இது, கருகல் நாத்தம் வருது?" என்றார் பெரியவர்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு, ஐயா" என்றான் பையன். குரல் கம்மிவிட்டது.

விசாரித்தபோது முழுக் கதையும் வெளியே வந்தது. கல்லூரி விழா ஒன்றில் இத்தகைய கார்களுக்குப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் இவன் ஒரு காரை வாங்கிக் கோத்துக்கொண்டு போயிருக்கிறான். அங்கே மோட்டாருக்கு எந்த வரையறையும் இல்லை. யார் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இவனுடைய காரில் இருந்தது 17.5 சுற்று மோட்டார். எதிரே வந்த கார்களில் இருந்தவை ஐந்து, ஆறு சுற்று மோட்டார்கள். நேர்ப்பாதையில் அவை இவனைத் தாண்டிச் சென்ற வேகத்தைப் பார்த்து இவன் மனம் நொந்து போனான். ஊருக்கு வந்ததும் நண்பனிடம் கடன் வாங்கி ஒரு 10.5 சுற்று மோட்டாரை வாங்கி மாட்டினான். அதுதான் இப்போது புகைந்தது.

பெரியவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "பூஞ்சிட்டு ஓடுற இடத்துலே பெரிய மாட்டைக் கொண்டாந்து பூட்டினா, அது பந்தயமாடா? உன் மேலே தப்பில்லே. பிரிவு வைக்காம பந்தயம் விட்டானே, அவன் மேலே தப்பு" என்றார்.

மோட்டாரின் உள்ளே கால் வைத்தும் பாராத ஒருவர், அந்தப் பந்தய உலகத்தின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்!

சுற்று என்றால் என்ன?

பத்தொன்பது சுற்று, பதினேழரைச் சுற்று என்றெல்லாம் சொல்லுகிறார்களே, அது என்ன கணக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நம் ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது கடினமான விஷயம் அல்ல. மோட்டாருக்குள் இரும்புத் தகடுகளால் ஆன பற்கள் இருக்கும். அந்தப் பற்களின் மீது எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். ஒரு பல்லின் மீது கம்பி எத்தனை தடவை சுற்றப்பட்டிருக்கிறதோ, அதுதான் அந்த மோட்டாரின் சுற்று எண்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுற்று அதிகமானால் வேகம் அதிகமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். சுற்று குறையக் குறையத்தான் வேகம் கூடும். இது எப்படி?

சுழலும் மோட்டார் ஒவ்வொன்றும் அதே சமயத்தில் ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. சைக்கிள் டைனமோ சுழன்றால் விளக்கு எரிகிறது அல்லவா? அதுபோல மோட்டாரும் சுழலும்போது தனக்குள்ளேயே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கும். வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பும் கூடும். எதிர்ப்பு பேட்டரியின் அழுத்தத்தை ஏறக்குறைய எட்டியதும் மோட்டார் அதற்கு மேல் வேகம் எடுக்க முடியாது. கம்பிச் சுற்று அதிகமாக உள்ள மோட்டாரில் இந்த எதிர்ப்பு குறைந்த வேகத்திலேயே வந்துவிடுகிறது. சுற்று குறைந்த மோட்டாரில் அதே எதிர்ப்பு வர வேண்டுமானால் அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆகவேதான் சுற்று குறைந்தால் வேகம் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. சுற்று குறைந்தால் கம்பியின் நீளம் குறையும்; அந்த இடத்தில் தடித்த கம்பியைப் போடவும் முடியும். தடை குறைவதால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெள்ளமாகப் பாயும். சக்தியும் கூடும், சூடும் கூடும். சுற்று குறைந்த மோட்டார், தீனி அதிகம் தின்னும் முரட்டுக் காளை என்று வைத்துக்கொள்ளலாம். அதை அடக்கி ஓட்டச் சாரதிக்குத் திறமையும் வேண்டும். கட்டித் தீனி போட வசதியும் வேண்டும்.

பழைய பிரிவுகள்

இந்தப் பந்தயம் எப்படி வளர்ந்தது என்பதையும் சிறிது பார்க்கலாம். 1976ஆம் ஆண்டு ஜப்பானின் தமியா கம்பெனி, போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து, ரேடியோவால் ஓட்டும்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அந்தக் கம்பெனியின் முதல் மின்சார ரேடியோ கார். அதன் பின் இந்த விளையாட்டு உலகமெங்கும் வேகமாகப் பரவியது. 1979இல் சர்வதேச மாதிரிக் கார் பந்தயச் சம்மேளனமான இஃப்மார் தோன்றியது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரக் கார்களை மண் பாதையில் ஓட்டும் உலகப் போட்டியை அது முதல் தடவையாக 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெல் மார் என்னும் ஊரில் நடத்தியது.

அந்த நாட்களில் கார்களில் இருந்தவை கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்கள். 540 என்ற பெயரில் வழங்கும் அளவு. குறுக்களவு சுமார் 36 மில்லிமீட்டர். தீப்பெட்டிகள் இரண்டை அடுக்கினால் வருகிற பருமன் என்று சொல்லலாம். இவற்றில் 27 சுற்று மோட்டாரை 'ஸ்டாக்', அதாவது கடையில் வாங்கியபடியே உள்ள சாதாரணப் பிரிவு என்று வைத்தார்கள். 19 சுற்று அதற்கு மேற்பட்ட பிரிவு. எத்தனை சுற்றாவது இருக்கலாம், எப்படியும் மாற்றி அமைக்கலாம் என்ற தாராளப் பிரிவுக்கு 'மாடிஃபைடு' என்று பெயர்.

இன்று மொழி கொஞ்சம் மாறியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரஷ் இல்லாத மோட்டார்கள் பந்தயத்துக்குள் புகுந்தன. பழைய மோட்டாரில் கம்பிச் சுருள் சுழலும். காந்தம் நிலையாக நிற்கும். புதியதில் காந்தம் நடுவிலே சுழல்கிறது. சுருள் வெளியே நிலையாக நிற்கிறது. ஆகையால் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷுக்கு அங்கே வேலை இல்லை. எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதை ஸ்பீட் கன்ட்ரோலர் என்னும் மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மோட்டாருக்குள் உள்ள மூன்று சிறு உணர்கருவிகள் அதற்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்கும்.

தேய்வதற்கு பிரஷ் இல்லாததால் பையன்களுக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் பந்தயத்துக்குப் பந்தயம் பிரஷ் மாற்றுவதும், கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடிப்பதுமாகப் பாதி நேரம் போய்விடும்.

அரைச் சுற்றின் ரகசியம்

புதிய மோட்டார்களின் பிரிவுகள் இவை: 21.5, 17.5, 13.5, 10.5. இவற்றுக்கு மேலே, கட்டுப்பாடற்ற மாடிஃபைடு. பழைய 27 சுற்று பிரஷ் மோட்டாரின் இடத்தை 17.5 பிடித்துக்கொண்டது. பழைய 19 சுற்றுக்கு ஏறக்குறைய ஈடாக 13.5 வந்தது.

முழு எண்ணாக இல்லாமல் அரை ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது? கம்பி ஒரு முனையில் தொடங்கி, அதே முனைக்குத் திரும்பாமல் மறு முனையில் போய் முடிகிறது. ஆகவே கடைசிச் சுற்று பாதியோடு நிற்கிறது. அந்தப் பாதிதான் பதினேழரையில் உள்ள அரை.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 21.5 பூஞ்சிட்டு, 17.5 கரிச்சான், 13.5 நடு மாடு, 10.5 பெரிய மாடு. மாடிஃபைடு எது என்கிறீர்களா? அது வாடிவாசலில் சீறிக்கொண்டு வருகிற காளை. அதற்கு வண்டி கட்ட எல்லோராலும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பையனின் மோட்டார் ஏன் எரிந்தது? அதற்கும் இந்தச் சுற்றுக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

ஒரு 17.5 மோட்டார், ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2,200 தடவை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். பேட்டரி 7.4 வோல்ட். பெருக்கினால் நிமிஷத்துக்கு 16,280 சுழற்சி. இவ்வளவு வேகத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொடுக்க முடியாது. நடுவே பல்சக்கரங்கள் உண்டு. மோட்டார் நான்கு தடவை சுழன்றால் கார்ச் சக்கரம் ஒரு தடவை சுழலும்படி பல்சக்கரம் வைத்திருந்தால், கார்ச் சக்கரம் நிமிஷத்துக்கு 4,070 தடவை சுழலும். டயரின் குறுக்களவு 63 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 198 மில்லிமீட்டர். ஆக, கார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 805 மீட்டர் போகும். மணிக்கு 48 கிலோமீட்டர். இது ஏட்டுக் கணக்கு. காற்றும் பாரமும் இழுக்கும்போது இதில் ஓரளவு குறையும்.

இப்போது அதே காரில் 10.5 மோட்டாரை மாட்டுவோம். இது வோல்ட்டுக்கு 3,700 சுழற்சி என்று கொண்டால், மொத்தம் 27,380. பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டால் கணக்குப்படி மணிக்கு 81 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அவ்வளவு வேகத்துக்குக் காரை இழுத்துச் செல்ல மோட்டார் படாத பாடு படும். அந்த வேகத்தை எட்ட முடியாமல் திணறிக்கொண்டே, பேட்டரியிலிருந்து மின்சாரத்தை மட்டும் அளவில்லாமல் இழுக்கும். கம்பி சூடேறும், எனாமல் கருகும், காந்தமும் சூட்டில் வலுவிழக்கும். எங்கள் பையனுக்கு நடந்தது இதுவே. மோட்டாரை மாற்றியவன் பல்சக்கரத்தை மாற்றவில்லை!

அவன் செய்திருக்க வேண்டியது என்ன? நான்குக்கு ஒன்று என்பதை ஆறுக்கு ஒன்று என்று மாற்றியிருக்க வேண்டும். அப்போது உச்ச வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர்தான் வரும். முன்பைவிட ஆறு கிலோமீட்டரே அதிகம். ஆனாலும் வளைவிலிருந்து வெளியே வந்து பாயும் பாய்ச்சலில் பழைய மோட்டார் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சக்தி உள்ள மோட்டாரின் அசல் லாபம் அந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது.

அனுபவம் உள்ளவர்கள் புதுப் பல்சக்கரம் போட்டதும் ஐந்து நிமிஷம் ஓட்ட மாட்டார்கள். ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, வெப்பம் அளக்கும் கருவியால் மோட்டாரைச் சோதிப்பார்கள். கருவி இல்லாவிட்டால் விரல் நுனியை மெல்ல வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று விநாடிகூட விரலை வைக்க முடியவில்லை என்றால் பல்சக்கரம் தவறு என்று அர்த்தம்.

திருட்டும் காவலும்

பிரிவு வகுத்தால் மட்டும் போதுமா? எல்கைப் பந்தயத்திலும் வயது வந்த மாட்டைச் சின்ன மாடு என்று நுழைக்கப் பார்க்கும் ஆசாமிகள் இல்லாமல் இல்லை. அதற்காகத்தான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். மோட்டாருக்கும் இப்படிப் 'பல் பார்க்கும்' ஏற்பாடு உண்டு.

சுற்று எண்ணை மாற்றாமலே ஒரு மோட்டாரின் வேகத்தைக் கூட்டச் சில வழிகள் இருக்கின்றன. ஸ்கூட்டர் மெக்கானிக் டைமிங் வைப்பதுபோல, மோட்டாரின் பின்மூடியைச் சற்றுத் திருப்பி, சுருளுக்கு மின்சாரம் போகும் கணத்தை முன்னால் தள்ளலாம். வேகம் கூடும், சூடும் கூடும். இதே வேலையை ஸ்பீட் கன்ட்ரோலரே ஓட்டத்தின் நடுவில் தானாகச் செய்யும்படியும் அமைக்கலாம். அப்படிச் செய்தால் பதினேழரைச் சுற்று மோட்டார் பதின்மூன்றரையைப் போல ஓடும். பிரிவுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

இதைத் தடுக்க நல்ல உபாயம் ஒன்று கண்டுபிடித்தார்கள். ஸ்டாக் பிரிவில் ஸ்பீட் கன்ட்ரோலர் இந்த உதவி எதையும் செய்யக் கூடாது. உதவி நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக, அதன் மேல் உள்ள சிறு விளக்கு மினுக் மினுக் என்று மின்ன வேண்டும். பந்தயம் தொடங்குமுன் பரிசோதகர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். விளக்கு மின்னாத கார் களத்தில் இறங்க முடியாது. இதற்குப் 'பிளிங்கி' என்று செல்லப் பெயர்.

மோட்டாரைக் கழற்றிக் கம்பியின் தடிப்பு, சுருளின் தடை, சுழலும் காந்தத்தின் அளவு ஆகியவற்றை அளந்து பார்ப்பதும் உண்டு. சில போட்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஒரே மாதிரியான மோட்டார்களை நடத்துகிறவர்களே மொத்தமாக வாங்கி, முத்திரை இட்டு, பந்தயத்தன்று காலையில் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பணக்காரன் கைக்கும் ஏழை கைக்கும் அதே மோட்டார்தான். பிறகு ஜெயிப்பது யார்? ஓட்டத் தெரிந்தவன்.

பெரிய கார்களிலும் இதே நியாயம்

இது சிறு கார்களுக்கு மட்டும் உரிய யோசனை அல்ல. நிஜக் கார்ப் பந்தயத்திலும் இதைக் கையாண்டு வெற்றி கண்ட தமிழர் ஒருவர் உண்டு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் இயந்திரத்தை வைத்தே ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டினார். எல்லாக் கார்களிலும் ஒரே இயந்திரம். வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த இயந்திரத்தைத் தருவித்தவனுக்கே வெற்றி என்ற நிலைமை மாறியது. இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக வழி பிறந்தது. அந்தப் பிரிவில் ஆரம்பகாலத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். அவரே 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கோவைக்கு அருகே உள்ள பந்தயப் பாதைக்குக் கரிவரதனின் நினைவாகவே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிரிவு என்பது ஓட்டப் பந்தயக்காரனின் காலில் கட்டும் கயிறு அல்ல. புதிதாக வருகிறவனுக்குத் திறந்து வைக்கும் கதவு. இதற்குக் கோவையே சாட்சி.

முதல் கார் வாங்குகிறவர்களுக்கு

இன்றைக்கு நம் பக்கத்துப் பையன்கள் பலருக்கு இந்தக் கார்கள் மீது மோகம் வந்திருக்கிறது. பெற்றோர் கவனத்துக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, வேகமான மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டாம். சாதாரண பிரஷ் மோட்டாரோ, 21.5 அல்லது 17.5 மோட்டாரோ போதும். இந்தப் பந்தயங்களில் பெரும்பாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள், சாதாரணமாக ஐந்து நிமிஷத்துக்குள், யார் அதிகச் சுற்று வருகிறார் என்பதே கணக்கு. நேர்ப்பாதையில் பறந்து போய் வளைவில் குட்டிக்கரணம் போடுகிற காரைவிட, விழாமல் ஒரே சீராக ஓடுகிற கார்தான் அதிகச் சுற்று வரும். விரலுக்குப் பக்குவம் வந்த பிறகு மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எந்தப் பந்தயத்தில் ஓட்டப் போகிறோம், அங்கே என்ன பிரிவு என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு மோட்டார் வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பிரிவைத் தேடினால் பணம் வீண்.

மூன்றாவது, பேட்டரி. இதில் விளையாட்டே கூடாது. முன்பு நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்தன. அவை கொஞ்சம் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். இப்போது வருகிற லித்தியம் பாலிமர் பேட்டரி அப்படிப்பட்டதல்ல. இரண்டு செல் கொண்ட பேட்டரியை 8.4 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. அதற்கென்று உள்ள, செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரையே உபயோகிக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது பெரும் ஆபத்து. உப்பிப்போன பேட்டரியை உடனே ஒதுக்கிவிடுங்கள். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், கதவடைத்த காருக்குள்ளோ தகரக் கூரையின் கீழோ அதை வைக்காதீர்கள்.

நான்காவது, ஓட்டுகிற இடம். புதுக்கோட்டைச் சீமையின் செம்புறை மண்ணும் சரளையும் மண் பாதைக் கார்களுக்கு நல்ல களம். ஆனால் அந்தச் செம்புழுதி பேரிங்குகளுக்குள் புகுந்து அரைத்துவிடும். ஓட்டி முடித்ததும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மழமழப்பான தரை வேண்டும் கார்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டு மைதானம், அனுமதி பெற்று, விடுமுறை நாள் காலையில் பொருத்தம். பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கணுக்காலில் மோதினால் அது பொம்மையாக இராது.

ஒரு பக்கத்து விதி

பையனின் கதைக்குத் திரும்புவோம். பெரியவர் சொன்ன சொல் அவன் மனத்தில் தைத்துவிட்டது. எரிந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழைய பதினேழரையை மாட்டினான். பிறகு நண்பர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு முழுத்தாளில் விதி எழுதினான். விதி அதிகம் இல்லை. இரண்டே பிரிவுகள். ஒன்று 17.5, விளக்கு மின்ன வேண்டும், பேட்டரி இரண்டு செல்லுக்கு மேல் கூடாது, மோட்டாரைப் பந்தயத்துக்கு முன்பும் பின்பும் சோதிக்கலாம். மற்றொன்று, யாரும் எதையும் மாட்டிக்கொண்டு வரலாம் என்ற திறந்த பிரிவு. வேகப் பிரியர்களையும் கோபிக்க வைக்கவில்லை, பாருங்கள்!

அந்தத் தாளைக் கல்லூரிக்கு எடுத்துப் போனார்கள். பந்தயம் நடத்துகிற மாணவர்கள் முதலில் தயங்கினார்களாம். "பிரிவு வைத்தால் ஆள் குறைந்துவிடும்" என்று ஒருவர் சொன்னாராம். அதற்குப் பையன் கொடுத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. "சென்ற தடவை பாதிப் பேர் காரைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனார்கள். எதிரே நிற்கும் மோட்டாரைப் பார்த்ததும் போய்விட்டார்கள். அவர்கள் எல்லோரும் இந்தத் தடவை வருவார்கள்" என்றானாம். கடைசியில் அடுத்த விழாவுக்கு இரண்டு பிரிவு என்று ஒப்புக்கொண்டார்கள்.

அவன் ஜெயிப்பானா, தோற்பானா? அது அன்றைக்குத் தெரியும். தோற்றாலும், தன் மோட்டாருக்குச் சமமான மோட்டாரிடம் தோற்றோம், இன்னும் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்புவான். கடன் வாங்கி மோட்டார் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்ப மாட்டான். பந்தயம் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது இவற்றில் எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் பேரனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்தப் பந்தயத்துலே மோட்டாருக்குப் பல் பார்க்க ஆள் இருக்கா?"

"இருக்காங்க, ஐயா. எங்க சார் ஒருத்தர் பார்க்கிறார்."

"அப்ப சரி. இல்லேன்னா சொல்லு, நான் வர்றேன். மாடு என்ன, மோட்டார் என்ன? ஏமாத்துறவன் முழிக்கிற முழி ஒண்ணுதான்!"